பேரண்டம் விரியும் வேகம்

இயற்பியல் மாணவர் எவரும் வெளியில் சொல்லத் தயங்கும் ஓர் உண்மையோடு இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். முதலாண்டில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையைச் செய்தேன். நூறு சென்டிமீட்டர் ஊசல். இருபது அலைவுக்கு 40.5 வினாடி. கணக்கிட்டால் விடை 962 வந்தது. நூலில் இருந்ததோ 980. பக்கத்து மேசை நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, “40.5 என்பதை 40.1 என்று போடுடா, சரியாக வந்துவிடும்” என்றான். போட்டேன். வந்துவிட்டது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்தது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நம் தமிழகத்தில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 978 தான் என்பதைப் பிற்பாடு அறிந்தேன். ஆக, நான் திருத்தி எழுதிய விடையும் நம் ஊருக்குரிய விடை அன்று!

நூலின் கடைசிப் பக்கத்தில் விடையே அச்சிடப்படாத ஒரு சோதனை இருந்தால் என்ன செய்வோம்? பேரண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று காணும் சோதனை அத்தகையதுதான். 1929இல் 500 என்றார்கள். பிறகு 250 என்றார்கள். பிறகு ஒரு சாரார் 50 என்றும் மறு சாரார் 100 என்றும் இருபதாண்டுக் காலம் வாதிட்டார்கள். இன்று 67 என்பாரும் 73 என்பாரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இத்தனைக்கும் அந்தச் சோதனையில் செய்ய வேண்டியது ஒரேயொரு வகுத்தல்தான்.

அந்த வகுத்தல் எப்படி வந்தது? வீட்டில் உள்ள எலாஸ்டிக் நாடா ஒன்றை எடுத்து, அங்குலத்துக்கு ஒன்றாக மைப்புள்ளிகள் வையுங்கள். ஒரு வினாடியில் நாடா இருமடங்கு நீளமாகும்படி இழுங்கள். ஏதேனும் ஒரு புள்ளியில் நீங்கள் அமர்ந்திருப்பதாகக் கொண்டால், அடுத்த புள்ளி உங்களை விட்டு ஓரங்குலம் விலகியிருக்கும். ஐந்தாவது புள்ளி ஐந்து அங்குலம் விலகியிருக்கும். தூரம் ஐந்து மடங்கு என்றால் வேகமும் ஐந்து மடங்கு. எந்தப் புள்ளியில் அமர்ந்து பார்த்தாலும் இதே காட்சிதான். ஆகவே விரிவுக்கு நடுவிடம் என்று ஒன்று தேவையில்லை. புள்ளிகள் நாடாவின்மேல் ஓடவில்லை, நாடாதான் நீள்கிறது என்பதையும் மறத்தலாகாது.

புள்ளிகளுக்குப் பதில் விண்மீன் மண்டலங்களை வைத்துக்கொள்வோம். விலகும் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே ஹப்பிள் மாறிலி. இதை ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பார்கள். மெகாபார்செக் என்பது 32 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு. மாறிலி 70 என்றால், அந்தத் தொலைவில் உள்ள மண்டலம் வினாடிக்கு 70 கிலோமீட்டர் வேகத்திலும், அதைப்போல் இருமடங்கு தொலைவில் உள்ளது 140 கிலோமீட்டர் வேகத்திலும் விலகும் என்பது பொருள்.

மேல் எண் எளிது

வகுத்தலில் மேலே நிற்கும் எண் வேகம். அதைக் காண்பது, வியப்பாயிருக்கலாம், எளிது. நம் இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வழியே சோடியம் விளக்கைப் பார்க்கும்போது 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் என்ற இடங்களில் இரு மஞ்சள் கோடுகளைக் காண்கிறோம் அல்லவா? அதுபோல் ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. தொலைவிலுள்ள மண்டலத்திலிருந்து ஒளி வந்து சேர்வதற்குள் இடைவெளி விரிந்துவிடுவதால், ஒளி அலையும் உடன் நீண்டு, கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்கின்றன. இதுவே செம்பெயர்ச்சி. எடுத்துக்காட்டாக, பத்துக் கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு மண்டலத்தைக் கொள்வோம். மாறிலி 73 எனில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2,240 கிலோமீட்டர். இது ஒளியின் வேகத்தில் முக்கால் விழுக்காடு. எனவே 3934 ஆங்ஸ்ட்ராமில் இருக்க வேண்டிய கால்சியம் கோடு 29 ஆங்ஸ்ட்ராம் தள்ளி 3963இல் நிற்கும். அளவுகோலை வைத்து அளந்துவிடலாம்.

இப்பணியை முதலில் செய்தவர் அமெரிக்காவில் அரிசோனாவிலுள்ள லோவல் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த வெஸ்டோ ஸ்லைபர். 1912இல் அவர் அளந்த ஆண்ட்ரோமீடா மண்டலம் நம்மை விட்டு விலகவில்லை; வினாடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தது! அவர் மேலும் அளந்துகொண்டே போனார். 1917 வாக்கில் அவர் கணக்கில் இருந்த 25 சுருள் மண்டலங்களுள் 21 விலகிச் சென்றன. அருகருகே உள்ள மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றுக்குச் சொந்த ஓட்டம் உண்டு. ஆண்ட்ரோமீடாவின் வருகை அத்தகையதே. ஆகையால் விரிவின் வேகத்தைக் காண வேண்டுமானால் சொந்த ஓட்டம் அற்பமாகிவிடும் அளவுக்குத் தொலைவுக்குப் போக வேண்டும். தொலைவுக்குப் போனாலோ அந்தத் தொலைவை அளக்க வழியில்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

கீழ் எண்

வகுத்தலில் கீழே நிற்பது தூரம். விண்மீனுக்கு நாடா பிடித்து அளக்க இயலாது. மங்கலாகத் தெரியும் விளக்கு அருகிலுள்ள அகல்விளக்கா, தொலைவிலுள்ள பெரிய மின்விளக்கா என்று எப்படிச் சொல்வது? விளக்கின் உண்மையான ஒளிர்வு தெரிந்தால் மட்டுமே, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதமாக ஒளி குறையும் என்ற விதியைக் கொண்டு தூரத்தைச் சொல்லலாம்.

அந்த விளக்கைக் கண்டுபிடித்துத் தந்தவர் ஒரு பெண்மணி. ஹார்வர்டு வானாய்வுக்கூடத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்குப் புகைப்படத் தகடுகளை ஆராய்ந்துவந்த ஹென்ரியேட்டா லீவிட். அக்காலத்தில் அங்குப் பணியாற்றிய பெண்களுக்குத் தொலைநோக்கி கிடையாது. தகடும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்தான். தென்னமெரிக்காவில் பெரு நாட்டிலிருந்து எடுத்தனுப்பப்பட்ட தகடுகளில், மெகல்லன் மேகங்கள் எனப்படும் இரு சிறு மண்டலங்களுள் ஒளி மாறும் விண்மீன்களாக 1,777ஐ அவர் கண்டு 1908இல் வெளியிட்டார். அவற்றுள் செபீட் வகையைச் சேர்ந்தவை சில நாளுக்கொரு முறையோ சில வாரத்துக்கொரு முறையோ கூடிக் குறையும். 1912இல் சிறிய மேகத்தைச் சேர்ந்த 25 செபீட்களை வரிசைப்படுத்தியபோது, எது மெதுவாகத் துடிக்கிறதோ அது கூடுதலாக ஒளிர்வது தெளிவாயிற்று.

இரவில் ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரையில் உள்ள ஊரைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் விளக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், அதிகம் பளிச்சிடுவது உண்மையிலேயே பெரிய விளக்குத்தான் என்று துணிந்து சொல்லலாம். மெகல்லன் மேகம் லீவிட்டுக்கு அத்தகைய எதிர்க்கரையாக அமைந்தது. இனி வானில் எங்கே ஒரு செபீட் தென்பட்டாலும் அதன் துடிப்புக் காலத்தைக் குறித்தால் போதும். உண்மை ஒளிர்வு தெரியும். ஒளிர்வு தெரிந்தால் தூரம் தெரியும்.

இவ்விடத்தில் ஒன்று. இவ்வகைக்குப் பெயர் தந்த டெல்டா செபீ என்ற விண்மீன் 5 நாள் 9 மணிக்கு ஒரு முறை துடிப்பதை 1784இல் கண்டவர் ஜான் குட்ரிக் என்னும் இங்கிலாந்து இளைஞர். அவர் காது கேளாதவர். 21 வயதில் மறைந்தார். லீவிட் அம்மையாரும் செவித்திறனை இழந்தவரே. 1921இல் அவர் காலமானதை அறியாமல், அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு 1925இல் சுவீடனிலிருந்து கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்லர் கடிதம் எழுதினார். நாம் படிக்கும் பாடநூல்கள் ஹப்பிளுக்கு ஒரு பத்தியும் லீவிட்டுக்கு ஒரு வரியும் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை.

எட்வின் ஹப்பிள் 1923 அக்டோபரில் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இருந்த நூறு அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமீடாவில் ஒரு செபீடைக் கண்டார். தூரம் ஒன்பது இலட்சம் ஒளியாண்டு என்று கணக்கு வந்தது. நம் பால்வீதிக்கு வெளியே வேறு மண்டலங்கள் உண்டு என்பது உறுதியாயிற்று. 1929இல் 24 மண்டலங்களின் தூரத்தையும், பெரும்பாலும் ஸ்லைபர் அளந்த வேகங்களையும் ஒரே வரைபடத்தில் இட்டபோது புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டை ஒட்டி விழுந்தன. அக்கோட்டின் சாய்வு 500.

பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமேத்தர் இரண்டாண்டு முன்னரே, 1927இல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து விரிவைப் பெற்று 625 என்ற எண்ணையும் தந்திருந்தார். ஆனால் அவர் எழுதியது பிரஞ்சு மொழியில். பலர் கண்ணில் படாத இதழில். 1931இல் அது ஆங்கிலத்தில் வந்தபோது அந்தக் கணக்குப் பகுதியைக் காணோம். யாரோ வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று பலர் ஐயுற்றனர். புதிய எண்கள் வந்துவிட்ட பிறகு பழையதை மறுபடி அச்சிடுவதில் பயனில்லை என்று லெமேத்தரே விட்டுவிட்டார் என்பது, அவர் எழுதிய கடிதம் ஒன்றிலிருந்து 2011இல் தெரியவந்தது. இப்போது அவ்விதியை ஹப்பிள்-லெமேத்தர் விதி என்றே அழைக்க வேண்டும் எனப் பன்னாட்டு வானியல் சங்கம் 2018இல் பரிந்துரைத்துள்ளது.

தாயைவிட மூத்த பிள்ளை

மாறிலி தெரிந்தால் பேரண்டத்தின் வயதும் தோராயமாகத் தெரியும். இன்று விலகிச் செல்பவை ஒரு காலத்தில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் வந்துவிடும். மாறிலி 500 என்றால் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டு. 1940களில் ஆர்தர் ஹோம்ஸ் கதிரியக்கத்தைக் கொண்டு பூமிக்குக் கணக்கிட்ட வயதோ ஏறத்தாழ 300 கோடி ஆண்டு! தாயைவிடப் பிள்ளை மூத்தது என்றால் ஒப்ப முடியுமா? பேரண்டத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற கொள்கையை 1948இல் ஹாயிலும் அவர் நண்பர்களும் முன்வைத்ததற்கு இம்முரண்பாடும் ஒரு தூண்டுதல்.

முரண்பாட்டை நீக்க உதவியது போர்க்கால இருட்டு. வால்டர் பாடே ஜெர்மனியில் பிறந்தவர். அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர். ஆதலால் இரண்டாம் உலகப் போரின்போது எதிரி நாட்டவர் என்று கருதப்பட்டுப் படைப்பணிகளில் சேர்க்கப்படவில்லை. மற்றவர்கள் போர்ப் பணிக்குச் சென்றுவிட, நூறு அங்குலத் தொலைநோக்கி அவர் கைக்கு வந்தது. கீழே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி விளக்குகளை மறைத்திருந்தது. அந்த இருட்டில், ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியில் அதுவரை வெறும் ஒளிப்புகையாகத் தெரிந்ததைத் தனித்தனி விண்மீன்களாக அவர் பிரித்துக் காட்டினார். விண்மீன்களில் இரு தலைமுறைகள் இருப்பதை 1944இல் வெளியிட்டார்.

போருக்குப்பின் பாலோமர் மலையில் இருநூறு அங்குலத் தொலைநோக்கி வந்தது. ஆண்ட்ரோமீடா சொல்லப்பட்ட தொலைவில்தான் இருக்கிறது என்றால், ஆர்.ஆர். லைரே என்னும் வேறொரு வகைத் துடிப்பு விண்மீன்கள் அதில் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லை. பாடே முடிவுக்கு வந்தார்: செபீட்களிலும் இரண்டு வகை உண்டு, ஒன்றின் அளவுகோலை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டோம். ஆண்ட்ரோமீடாவில் உள்ள செபீட்கள் எண்ணியதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளிர்வு மிக்கவை. ஒளிர்வு நான்கு மடங்கு என்றால் தூரம் இரு மடங்கு. 1952இல் ரோம் நகரில் கூடிய வானியலார் மாநாட்டில் இதை அவர் அறிவித்தார். ஒரே நாளில் பேரண்டம் இருமடங்கு பெரிதாயிற்று, மாறிலி பாதியாயிற்று, வயது 400 கோடியாயிற்று. 1956இல் கிளேர் பாட்டர்சன் பூமியின் வயது 455 கோடி என்று நிறுவியபோது, பிள்ளை அப்போதும் மூத்துத்தான் நின்றது! ஹப்பிள் தொலைவு மண்டலங்களில் தனி விண்மீன் என்று எண்ணியவற்றுள் சில உண்மையில் ஒளிரும் வாயு முகில்கள் என்பதை ஆலன் சாண்டேஜ் எடுத்துக்காட்டி, 1958இல் மாறிலியை 75க்கு இறக்கிய பின்னரே மூச்சுவிட முடிந்தது. இன்று ஏற்கப்படும் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹப்பிள் கணக்கில் தவறவில்லை. கருவியும் பழுதில்லை. நூறு தடவை திரும்ப அளந்து சராசரி எடுத்திருந்தாலும் அதே 500 தான் வந்திருக்கும். வெர்னியரின் சுழிப்பிழையைக் கவனிக்காமல் எத்தனை தடவை அளந்தாலும் என்ன பயன்? பிழை அளவையில் இல்லை, அளவுகோலில் இருந்தது.

1970களில் சாண்டேஜும் டாம்மனும் 50ஐ ஒட்டிய எண்ணைச் சொன்னார்கள். டெக்சாசில் டி வோகுலூர் 100 என்றார். இரு சாராரும் தங்கள் பிழை எல்லை பத்து விழுக்காட்டளவே என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இரண்டுமே உண்மையில்லை என்பது பின்னால் தெரிந்தது. வளிமண்டலத்துக்கு மேலே 1990இல் ஏவப்பட்டு, ஆடியின் குறை 1993இல் சீர்செய்யப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு வெண்டி ஃபிரீட்மன் குழுவினர் 2001இல் தந்த விடை 72. பிழை எல்லை 8. பழைய வழக்கு அத்தோடு முடிந்தது.

இன்றைய வழக்கு

புதிய வழக்கைப் புரிந்துகொள்ள, தூரத்தை ஏணி போல் படிப்படியாக ஏறி அளக்கும் முறையை அறிய வேண்டும். முதற்படி இடமாறு தோற்றம். ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் நகர்வதாகத் தோன்றுகிறதே, அதுதான். பூமி ஞாயிற்றைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன்கள் இவ்வாறு இம்மியளவு நகர்வதாகத் தோன்றும். 2013இல் ஏவப்பட்டு 2025 வரை பணியாற்றிய கையா விண்கலம் இதை நுட்பமாக அளந்து தந்தது. இதைக் கொண்டு அருகிலுள்ள செபீட்களின் ஒளிர்வைச் சரிபார்ப்பர். இரண்டாம் படியில், செபீட்களும் சூப்பர் நோவாவும் ஒருங்கே தென்பட்ட மண்டலங்கள். மூன்றாம் படியில், செபீட் தெரியாத தொலைவிலும் பளிச்சிடும் முதல் வகை சூப்பர் நோவாக்கள். இவை வெண் குள்ளன் எனப்படும் விண்மீன்களின் வெடிப்பு. ஒரு வெண் குள்ளன் ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்னும் எல்லைதான் இவ்வெடிப்பைப் புரிந்துகொள்ள அடிப்படை. அவ்வெல்லையைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் என்பதும், 1930இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பற்பயணத்தில் அக்கணக்கைத் தொடங்கினார் என்பதும் நாம் பெருமையோடு அறிந்த செய்தி.

இந்த ஏணியில் ஏறி ஆடம் ரீஸ் குழுவினர் கண்ட விடை 73.04, பிழை எல்லை 1.04.

மற்றொரு வழி நேர் எதிரானது. பேரண்டம் பிறந்து 3,80,000 ஆண்டு ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்று நுண்ணலையாகத் தேய்ந்து வானெங்கும் பரவியிருக்கிறது. அதில் காணப்படும் மிகச் சிறு வெப்பநிலை வேறுபாடுகளைப் பிளாங்க் விண்கலம் அளந்தது. அன்றைய நிலையிலிருந்து, நம் கொள்கைகள் சரியென்று கொண்டு, இன்றைய விரிவு வேகத்தைக் கணக்கிட்டால் 67.4 வருகிறது, பிழை எல்லை 0.5. ஒரு பிள்ளையின் ஐந்தாம் வயது உயரத்தை வைத்து இருபதாம் வயதில் எவ்வளவு உயரம் இருப்பான் என்று கணிப்பது இது. இருபது வயதுக்காரனைச் சுவரோரம் நிறுத்தி அளப்பது ரீஸின் வழி.

இரு விடைக்கும் வேறுபாடு 5.6. நாம் படித்த விதிப்படி இரு பிழை எல்லைகளின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 1.15. வேறுபாடு அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அப்படியானால் ஏணியில் எங்கோ ஒரு படி ஆடுகிறது. அல்லது பிள்ளை வளரும் விதத்தைப் பற்றிய நம் கொள்கையில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. இரண்டாவதுதான் உண்மை என்றால் இயற்பியல் நூல்களைத் திருத்த வேண்டிவரும். பலர் அதை ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள். பாடே கதையைப் படித்த நான் படிகளைத்தான் முதலில் ஐயுறுவேன். ஆனால் அங்கும் எளிதில் பிழை அகப்படவில்லை. நெருக்கமான விண்மீன்களின் ஒளி கலந்து செபீட்களின் ஒளிர்வைக் கெடுத்திருக்குமோ என்ற ஐயத்தை, 2021 இறுதியில் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கி பெரிதும் நீக்கிவிட்டது. செபீட்களை விட்டுச் சிவப்புப் பெருமீன்களைப் படியாகக் கொண்ட ஃபிரீட்மன் குழுவினருக்கோ விடை 70ஐ ஒட்டி வருகிறது. இரு கட்சிக்கும் நடுவில்!

இங்கேதான் என் ரெக்கார்டு நோட்டு நினைவுக்கு வருகிறது. எதிர்பார்க்கும் விடை மனத்தில் இருந்தால், அது வரும்வரை பிழையைத் தேடுவோம். வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுவோம். இதற்கு வானியலார் ஒரு தடை செய்திருக்கிறார்கள். ஈர்ப்பினால் ஒரே குவேசாரின் ஒளி பல பாதைகளில் வளைந்து வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு மாறிலி காணும் குழுவினர், கணிப்பொறியில் விடையின் உண்மை மதிப்பை மறைத்துவைத்தே வேலை செய்தார்கள். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து, இனி எதையும் மாற்றுவதில்லை என்று உறுதி செய்த பிறகே திரையை விலக்கினார்கள். அவர்களுக்கு வந்தது 73.3. அதன்பின், வழியில் குறுக்கிடும் மண்டலத்தின் நிறை எவ்வாறு பரவியுள்ளது என்ற ஊகத்தைத் தளர்த்திப் பார்த்தபோது பிழை எல்லை மிகவும் அகன்றுவிட்டது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் விடையை மறைத்துவைத்து ஊசல் சோதனை செய்யச் சொன்னால் எத்தனை பேர் 978க்கு அருகில் வருவோம் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

ஏணியே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. 2017 ஆகஸ்டு 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதிய ஈர்ப்பு அலைகள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள கருவிகளில் பதிவாயின. அந்த அலையின் வடிவமே மோதலின் வலிமையைச் சொல்லிவிடும். வந்து சேர்ந்த அளவோடு அதை ஒப்பிட்டால் தூரம் நேரே கிடைக்கும். செபீட் வேண்டாம், சூப்பர் நோவா வேண்டாம். மோதலின் ஒளியும் தொலைநோக்கிகளில் தெரிந்ததால் அது நிகழ்ந்த மண்டலத்தின் செம்பெயர்ச்சியும் கிடைத்தது. வகுத்தால் 70. ஆனால் ஒரேயொரு நிகழ்ச்சி அல்லவா? பிழை எல்லை மேலே 12, கீழே 8. 67ம் அதற்குள் அடங்கும், 73ம் அடங்கும். அத்தகைய மோதல்கள் சில பத்து கிடைத்தால் வழக்கைத் தீர்த்துவிடலாம் என்கிறார்கள். ஒளியோடு சேர்ந்து ஐயமின்றி அகப்பட்டது இதுவரை அந்த ஒன்றுதான்.